ஒரு நூல் சாய்வு

பட்டறைக்குப் புதிதாக வந்த, மரம் அறுக்கும் பேண்ட் சா மெஷினில், மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் சுற்றி, நாடா போன்ற ரம்பத்தை மாட்டியிருந்தார்கள். கையால் சுற்றிப் பார்க்கும்போதே அது விளிம்புக்கு நழுவியது.

"அண்ணே, ஒரு நூல் அளவு பின்னால சாயுங்க. நான் நடுவுல நின்னுக்குவேன். இல்லன்னா விழுந்துடுவேன்," என்று மேல் சக்கரத்திடம் கெஞ்சியது ரம்பம்.

"நானா சாயணும்? நான் நேராத்தான் இருக்கேன். கீழ இருக்கிறவனைக் கேளு."

"என்னை அசைக்க முடியாது. மரம் வைக்கிற மேஜைதான் கோணல்," என்றது கீழ்ச் சக்கரம்.

மேஜை தரையைக் காட்டியது. தரை, "உலகமே உருண்டையா இருக்கு, நான் மட்டும் என்ன செய்ய?" என்றது.

தப்பு உலகத்துடையது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. "அப்புறமென்ன, மோட்டாரைப் போடு!" என்றது மேல் சக்கரம்.

மோட்டார் ஓடியது. ரம்பம் தெறித்துப் பறந்து, கூரையில் மின்விசிறிக்குப் பக்கத்தில் போய்த் தொங்கியது. அறுக்க வைத்த தேக்கு அப்படியே கிடந்தது.

மோட்டாரோடு இணைந்த கீழ்ச் சக்கரம் வெறுமனே சுற்றியது. "அண்ணே, பாரமே தெரியல!"

சுற்றிவிட ரம்பம் இல்லாமல், மேல் சக்கரம் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது.

"பாத்தியா தம்பி, ஆடாம அசையாம எவ்வளவு நேரா நிக்கிறேன்! கோளாறு பறந்து போனவன்கிட்டதான் இருந்திருக்கு."