ஏறுவதற்கு ஆள் இல்லை

"ஸ்டாப்புல நிக்க ஆளே இல்லையே, அப்புறம் யாருக்கும்மா பஸ்?"

நெடுஞ்சாலைப் பொறியாளர் இப்படிக் கேட்டதும் நர்ஸுக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் ஆபீசுக்கு ஓடி வந்திருந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"என்ன சார், வாய் கூசாம சொல்றீங்க? எங்க காலனியில பாதிப் பேர் பஸ்ஸை நம்பித்தான் இருக்காங்க. ரோட்டுக்குன்னு சொல்லி மரத்தை வெட்டினீங்க. பஸ்ஸையும் குறைச்சீங்க. போன கோடையில, எங்க தெருத் தையல்காரம்மா, வாயும் வயிறுமா இருந்தவங்க, அந்த வெயில்ல நின்னு நின்னு அங்கேயே சுருண்டு விழுந்தாங்க. நான்தான் தூக்கிட்டு ஓடினேன். தாயை மட்டும்தான் சார் காப்பாத்த முடிஞ்சுது."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். ஈவிரக்கம் இல்லாத மனிதர் அல்ல.

"உங்க மனுவைப் படிச்சிட்டு எனக்குத் தூக்கமே வரலம்மா. பஸ்ஸுக்குத் தனிப் பாதை, நிழற்குடை, ரெண்டு பக்கமும் மரம்னு திட்டம் போட்டு மேலிடத்துல மல்லுக்கட்டினேன். புகையைக் குறைக்கணும், சூட்டைக் குறைக்கணும்னு அவங்களும்தான் மேடைக்கு மேடை பேசறாங்க. 'சரி, எத்தனை பேர் நிக்கறாங்கன்னு காட்டு, செய்யலாம்'னாங்க. ஸ்டாப்புல கேமரா வச்சேன்."

"வச்சு?"

"நீங்களே பாருங்க."

கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். காலை நேரம். நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லை. பஸ் வந்தது, நின்றது, காலியாகவே கிளம்பியது.

"தினமும் இதே கதைதான். ஆனா காருங்க மட்டும் முன்னைக்கு ரெண்டு மடங்கு. 'நெரிசல் ரோட்டுலதானே இருக்கு, ஸ்டாப்புல இல்லையே'ன்னு என் வாயை அடைச்சிட்டாங்க. அடுத்த மாசத்தோட பஸ் நிக்குது. அதுக்கு ஒதுக்கின பணம் எல்லாம் ரோட்டை அகலமாக்கப் போகுது. மிச்சமிருக்கிற மரமும் போயிடும்." அவர் குரல் இறங்கியது. "கையெழுத்தும் ஆயிடுச்சும்மா. இனி யார் நினைச்சாலும் முடியாது."

"இல்ல சார், எங்கேயோ தப்பு நடந்திருக்கு. அவங்க எல்லாம் தினமும் வேலைக்குப் போயிட்டுத்தானே..."

பேசிக்கொண்டே திரையைப் பார்த்தவள் அதன் அருகே குனிந்தாள்.

காலியான பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு பழைய நீலக் கார் போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றிலும் ஆட்கள் இடித்து நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

மனுவுக்குப் பதில் வரும்வரை இனி ஒரு உயிர் அந்த வெயிலில் வாடி நிற்கக் கூடாது என்று, வீடுகளில் சும்மா நின்ற கார்களை எல்லாம் கெஞ்சிக் கூத்தாடி வெளியே எடுக்க வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருந்த அத்தனை பேரையும் தினமும் வாசலிலேயே ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள்தான். முன்னால் போன நீலக் காரை ஓட்டியதும் அவள்தான்.