வேண்டாத வாத்தியம்

"திருட்டுத்தனமா ஸ்டூடியோவுக்கு வந்து வாசிச்சுட்டுப் போனியா இல்லையா?" என்று வெர்லா கத்தியது நாஷ்வில்லில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது.

"நான் எங்கடி வந்தேன்?" என்றான் கணவன் ஹோய்ட்.

வரவில்லைதான். அன்று என் கொல்லையில் கெளுத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தான். அவள் பாடும் கன்ட்ரி என்ற கிராமத்துப் பாட்டுகளுக்கெல்லாம், அழுவதுபோல் இழையும் ஸ்டீல் கிட்டார் வாசித்தவன் அவன். பழைய ஜாஸ் பாட்டுகளை ஆல்பமாகப் பாடி, கன்ட்ரிக்காரி என்ற பெயரையே தொலைக்கப்போவதாகச் சொல்லி அவனைக் கழற்றிவிட்டிருந்தாள். பியானோக்காரன் ஜூலியனே போதுமாம். எதற்கெல்லாம் போதும் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் பதிவைப் போட்டால் பாட்டுக்குப் பாட்டு ஸ்டீல் கிட்டார் கேட்டது.

மறுநாள் ஸ்டூடியோவில் ஹோய்ட்டைக் கைகட்டி எதிரில் உட்காரச் சொல்லிவிட்டுப் பாடினாள். நானும் போயிருந்தேன், விடுவேனா? போட்டுக் கேட்டோம். ஸ்டீல் இருந்தது.

"எனக்கே இவ்வளவு நல்லா வராது," என்றான் ஹோய்ட்.

"என் ஆல்பத்தைக் கெடுத்துட்டியேடா, பாவி!"

ஆல்பம் வெளிவரவே இல்லை. ஹோய்ட் கிட்டாரை விற்றுவிட்டு டல்சாவுக்குப் போய்விட்டான். வெர்லா ஜூலியனைக் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவில் இருக்கிறாள். கல்யாண வீடியோவை எனக்கும் அனுப்பியிருந்தாள். வாத்தியமே வைக்காத கல்யாணம். அவள் சம்மதம் என்றதும் ஸ்டீல் அழ ஆரம்பிக்கிறது.