கைதட்டல்

எஸ்பியெர்க் துறைமுகத்தை ஒட்டிய கூட்ட அறையில் உளவியலாளர் சங்கத்துக்காரர்கள் நாற்பது பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் நடந்துகொள்ள வேண்டிய விதம் பற்றிச் சங்கம் போட்ட கையேட்டை, அதை எழுத உதவிய, தானும் ஆட்டிசம் உள்ளவளான சிக்னே வாசிக்கிறாள். அவளுக்காகப் பாதி விளக்கை அணைத்திருக்கிறார்கள். முப்பத்தொரு வயதில் இதுதான் அவளுக்கு முதல் மேடை. "கைதட்டாதீங்க. தலைக்குள்ள தகரத்தைக் கொட்டுற மாதிரி இருக்கும். கையைத் தூக்கி ஆட்டுங்க, எனக்கு அதுவே போதும்." முதல் பக்கம் முடிந்து அவள் நிமிர்கிறாள்; கைகள் மெல்ல உயர்ந்து ஆடுகின்றன. சிக்னே சிரிக்கிறாள். கடைசி வரிசையில், மீன் அறுத்துக் காய்த்துப்போன இரண்டு உள்ளங்கைகள் பெருமை தாங்காமல் படபடவென்று மோதுகின்றன. அவளுடைய அப்பா பிரேபன். "யோவ், நிறுத்துய்யா" என்று பக்கத்திலிருப்பவர் தொடையில் இடிப்பதற்குள், பழக்கதோஷத்தில் அறை மொத்தமும் தட்டிவிடுகிறது. சிக்னே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் சுருண்டுகொள்கிறாள். வாசிக்காத ஆறு பக்கங்கள் தரையில் கிடக்கின்றன. "தப்பு எங்களோடதும்மா, மன்னிச்சிரு" என்கிறாள் சங்கத் தலைவி, பிரேபனைப் பார்க்காமல். அவர் ஓடிவந்து மண்டி போடுகிறார். "இனிமே நான் எங்கயும் பேச மாட்டேன்பா" என்கிறாள் மகள், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு. "இவ்வளவு படிச்சவங்களுக்கே புரியல. உனக்கு மட்டுந்தான்பா புரியும்." பிரேபன் தலைவியை நிமிர்ந்து பார்க்கிறார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு தரையில் கிடக்கும் பக்கங்களைப் பொறுக்குகிறாள். "ஆமாம்மா," என்கிறார், "வா, வீட்டுக்குப் போவோம்."