ட்வீசர் பிடிக்க ஒரு கை

அக்டோபர் 9, வியாழன். இன்றைய தவறு: ட்வீசர் சரியான இடத்தைத் தொடும் முன்பே கேபிளைச் செருகிவிட்டேன்.

போன் இசைவாணியுடையது. அப்டேட் பாதியில் நின்று செத்துப்போனது. அது என் மனைவியின் போன் என்று மொபைல் சர்வீஸ் வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை.

மென்பொருளை மறுபடி ஏற்ற, செத்த போனை எமர்ஜென்சி டவுன்லோட் மோடுக்குக் கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். போர்டின் இரண்டு புள்ளிகளை ஒருவர் ட்வீசரால் சேர்த்துப் பிடிக்க, மற்றவர் கேபிளைச் செருக வேண்டும். வழக்கம்போல் பக்கத்து இருக்கை சினேகா பிடித்தாள்.

"ஏன்ணே இம்புட்டு அவசரம்? அணுகுண்டுக்கா தீ வைக்கீக?"

அவசரப்படாமல் என்ன செய்வேன்?

இசைவாணி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். யார் கூப்பிட்டாலும் மாலையில்தான். அப்போது நான் வகுப்பில்.

போன வாரம் காய்ச்சல் என்று வகுப்புக்குப் போகவில்லை. அவள் போன் அடித்தது. பார்த்தாள், கட் செய்தாள். "கம்பெனி" என்றாள்.

நேற்று போன் செத்ததும், "எல்லாம் அழிஞ்சாலும் அழியட்டும், போன் வந்தாப் போதும்" என்றாள்.

எல்லாம் என்றால் எதெல்லாம்?

ஃபர்ம்வேர் ஏற்றும்போது யூசர்டேட்டா என்ற வரியில் டிக் இருந்தால் போனில் உள்ளது அத்தனையும் அழியும். அந்த டிக்கை எடுத்தேன்.

இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது. பச்சைக் கோடு மெல்ல நிறைந்தது.

டீ நேரம். சாபிர் வழக்கம்போல் மாடிப்படிக்குப் போனான். வகுப்பிலேயே வேகமான கை அவனுக்கு. எங்கள் கல்யாணத்தில் "மதினி, மதினி" என்று இசைவாணியை அவ்வளவு சிரிக்க வைத்ததும் அவன்தான். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

போன் உயிர்பெற்றுப் பேட்டர்ன் கேட்டது. எனக்குத் தெரியாது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சிம்மைப் போட்டேன். சற்று நேரத்தில் அதிர்ந்தது. பூட்டு திறக்காததால் பெயர் வரவில்லை, எண் மட்டும்.

சாபிரின் எண்.

எடுத்துக் காதில் வைத்தேன். நான் வாய் திறக்கும் முன்பே அவன் தொடங்கிவிட்டான்.

"மதினி, நேத்து ஏன் எடுக்கல? அண்ணன் வந்திருக்காக. இன்னைக்கும் அந்தப் புள்ளதான் பக்கத்துல ஒட்டி நின்னு பிடிச்சுக் குடுக்குது."

குரல் போனிலும் கேட்டது, மாடிப்படியிலிருந்தும் கேட்டது.

நாளை செய்ய வேண்டியது: இன்னொரு செத்த போன். ட்வீசர் பிடிக்க சாபிரைக் கூப்பிட வேண்டும்.