தொடாமல் விட்டவை இரண்டு

தேனாம்பேட்டையில் கல்யாண போட்டோ கம்பெனி ஒன்றில் ஜுவேரியாவுக்கு வேலை. பழைய ஃபோல்டர்களை அழிக்கும் ஸ்கிரிப்டை ஓடவிட்ட பிறகுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. அந்த வரிசையில் இருந்த 'கல்யாணம்' என்பது ஃபோல்டரே அல்ல, வேறு இடத்தைக் காட்டும் வெறும் லிங்க். நானூறு குடும்பங்களின் படங்கள் இன்னொரு டிஸ்க்கில் இருந்தன. வேறு காப்பி கிடையாது. லிங்க்கா என்று சோதிக்கும் ஸ்கிரிப்ட் வரியில், பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு (/) இருந்தாலே போச்சு. லிங்க்கையும் நிஜ ஃபோல்டர் என்று நம்பி, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும்.

பக்கத்து சீட் செம்பியன் எட்டிப் பார்த்தான். "இன்னா ஆச்சு?"

"சாய்கோட்டை எடுத்தேனான்னு ஞாபகமே இல்லப்பா."

ஸ்கிரிப்ட் செய்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்தார்கள். 'லிங்க், தொடவில்லை: 2.'

"எடுத்துகீற. தப்பிச்ச, போ" என்று செம்பியன் டீ வாங்கப் போனான்.

ஜுவேரியாவுக்கு உயிர் வந்தது. ஆனால் அங்கே இருந்த லிங்க் ஒன்றுதானே? கீழே இறக்கிப் பார்த்தாள். முதல் பெயர் கல்யாணம். இரண்டாவது பெயர் ஜுவேரியா.

செம்பியன் கொடுத்த டீயை மெல்லக் குடித்தாள். அப்படியென்றால் தானும் வெறும் லிங்க்தான்; எங்கேயோ இருக்கிற அந்த நிஜ ஜுவேரியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.