தங்கம் கட்டிய பல்

கர்க்லாண்ட் வீட்டு பேஸ்மென்டில் கௌசலா, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் காற்று ஃபில்டரை வெளியே இழுத்தாள். கறித்தூள் வறுத்த வாசம் அடித்தது.

போன விண்டரில் மாற்றியபோது தூசிக்குள் ஒரு முன்பல் கிடந்தது. யாருடையதென்று விளங்கவில்லை. மறுநாள் புருஷன் மதிசுதன் முகத்தில் குத்தியதில் அவளுடைய முன்பல் கழன்று விழுந்தது. அதே பல். ஓரத்தில் அதே உடைவு.

இன்றைக்கும் ஒரு பல் கிடந்தது. தங்கம் கட்டிய பல். வேரில் இரத்தம் காயவில்லை.

புது ஃபில்டரைச் செருகிவிட்டு மேலே போனாள்.

"எங்கையடி போய்த் துலைஞ்சனி? இஞ்சித் தேத்தண்ணி கேட்டு எவ்வளவு நேரம்?" மதிசுதன் கத்தினான். வாய்க்குள் தங்கப்பல் மின்னியது.

"இப்ப போடுறனப்பா."

குசினியில் இரும்பு உரலில் இஞ்சியை இடித்து, தேத்தண்ணி ஊற்றினாள். ஒரு கையில் கோப்பையும் மற்றக் கையில் உலக்கையுமாக அவனிடம் போனாள்.