டெஸ்ட் ஷாட்

"அண்ணாச்சி, ரெண்டையும் வெளிய எடுங்க. கையில பிடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

வந்தவன் பெயர் முத்துவீரன். மம்சாபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பதாகச் சொன்னான். தோளில் ஒரு கேமரா பை வெறுமையாகத் தொங்கியது. பழைய கேமரா மதுரையில் சர்வீஸில் கிடக்கிறதாம்.

பால்பாண்டி கண்ணாடி அலமாரியைத் திறந்தார். பாஸ்போர்ட் போட்டோவையும் ஆல்பத்தையும் நம்பி இராஜபாளையத்தில் ஓடிக்கொண்டிருந்த கடை அது. கேமரா ஏஜென்சி கேட்டு அவர் நடையாய் நடந்ததில், மதுரைக் கம்பெனி இரண்டு மிரர்லெஸ் கேமராக்களை மாதிரிக்குக் கொடுத்திருந்தது. இன்று மத்தியானம் கம்பெனி ஆள் வருகிறார். அதற்குள் ஒன்றாவது விற்றால் ஏஜென்சி கிடைக்கும். இல்லாவிட்டால் இரண்டும் திரும்பப் போய்விடும்.

"இது ஃபுல் ஃபிரேம். பெரிய சென்சார். இருட்டுலயும் படம் புள்ளி புள்ளியா வராது. இது சின்ன சென்சார். வெயிட்டும் கம்மி, வெலையும் கம்மி. ஒரே லென்ஸப் போட்டாலும் இதுல தூரத்து ஆளு இன்னும் பக்கத்துல தெரிவாரு."

முத்துவீரனின் கண் தெருவிலேயே இருந்தது. எதிரே மண்டப வாசலில் வாழைமரம் கட்டி, காதணி விழா என்று பேனர் வைத்திருந்தார்கள்.

"என்ன தம்பி, யாரையும் எதிர்பார்க்கீகளா?"

"இல்ல அண்ணாச்சி, வெளிச்சம் பார்க்கேன்." சட்டைப்பையிலிருந்து இரண்டு மெமரி கார்டுகளை எடுத்துக் கேமராக்களில் செருகினான். "கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசாக்கிப் பார்க்கணும்ல?"

விவரமான ஆள்தான் என்று பால்பாண்டி நினைத்துக்கொண்டார்.

தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. தாய்மாமன் சீர் வந்துகொண்டிருந்தது. முன்னால் மாலை போட்ட கிடா, பின்னால் வரிசைத் தட்டுகள். முத்துவீரன் சின்ன சென்சார் கேமராவைத் தூக்கிக்கொண்டு படியில் பாய்ந்தான்.

"தம்பி! கடைய விட்டு எறங்காதீக!"

"தூரத்துல வார ஆளு எப்பிடி விழுதாருன்னு பார்க்க வேண்டாமா?"

சீரோடு வந்த மாமன் இவனைப் பார்த்துக் கையை ஆட்டினார். கேமராவைக் கண்டால் கையை ஆட்டாதவர் யார்?

"பாருங்க, மீசை முடிய எண்ணலாம்!"

"அப்ப இதுக்கே பில்லப் போட்டுருவமா?"

"பெருச இருட்டுல பார்க்காமயா? மண்டபத்துக்குள்ள வாங்க. ஒங்க எல்இடி லைட்டையும் எடுத்துக்கங்க."

"யாரு வீட்டு விசேஷமோ! நம்மள யாரு கூப்புட்டா?"

"கேமராவோட போறவன யாருன்னு எந்த வீட்டுல கேட்டிருக்காக?"

அவன் தெருவைக் கடந்துவிட்டான். மண்டபத்துக்குப் பின்வாசல் ஒன்று உண்டு என்பது பால்பாண்டிக்கு நினைவு வந்தது. ஷட்டரை இழுத்துவிட்டு, பெரிய கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி, லைட்டையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

உள்ளே யாரும் தடுக்கவில்லை. விலகி வழிகூட விட்டார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் மாமன் மடியில் குழந்தை வீறிட்டது.

"அண்ணாச்சி, பெருசு! பெருசக் குடுங்க, சீக்கிரம்!"

நீட்டினார். சின்னது அவர் கைக்கு வந்தது.

"லைட்ட மேல தூக்குங்க. இன்னும் மேல. செத்த நேரம் அசையாதீக."

கை கடுத்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மதுரைக்காரர்.

"திருவில்லிபுத்தூர் தாண்டிட்டேன். வித்துருச்சா?"

"பார்ட்டி கையிலதான் சார் இருக்கு. பில்லு போடுறது ஒண்ணுதான் பாக்கி."

முத்துவீரன் அதற்குள் சாப்பாட்டுக் கூடத்தில் நின்றான்.

"பந்தியுமா டெஸ்டு?"

"இலைப் பச்சை எதுல நெசமா விழுதுன்னு பார்க்கணும் அண்ணாச்சி."

"தம்பி, இதுல என் பொழப்பு இருக்கு. எதுன்னு வாயத் தொறந்து சொல்லிருங்க."

"சொல்லுதேன். எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, ஓரத்து ஆளு மங்குதாரான்னு மட்டும் பார்த்துருவோம்."

மொத்தக் குடும்பமும் அவன் சொன்னபடி நின்றது. அந்த ஊரில் இத்தனை நல்ல மனிதர்கள் இருப்பது பால்பாண்டிக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைக்குத் திரும்பியதும் முத்துவீரன் கார்டுகளை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கேமராக்களைத் துணியால் துடைத்து மேஜையில் வைத்தான். பால்பாண்டிக்கு அப்போதுதான் மூச்சு சீரானது.

"ரெண்டுமே தங்கம் அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு, பொறவு சொல்லுதேன்."

"தம்பி, ஆளு வந்துக்கிட்டிருக்காருய்யா!"

அவன் பைக் மம்சாபுரம் பக்கம் பறந்துவிட்டது.

மதுரைக்காரர் வந்தார். கேமராவை இயக்கி, இதுவரை எத்தனை படம் எடுத்தது என்று அதற்குள்ளேயே பதிந்திருந்த கணக்கைப் பார்த்துவிட்டு, "டெஸ்டுக்கே இம்புட்டா?" என்றார். இரண்டையும் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஏஜென்சி பற்றிப் பேச்சே இல்லை.

காலி அலமாரியைப் பார்த்தபடி பால்பாண்டி உட்கார்ந்திருந்தார். எதிர் மண்டபத்திலிருந்து பட்டுவேட்டியும் மாலையுமாக வந்த தாய்மாமன் சங்கையா, படியேறித் தாம்பூலப் பையை நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி, இங்க வந்து ஒக்காந்துட்டீக? ஒங்க முத்துவீரன் அட்வான்ஸ் வாங்குன அன்னைக்குச் சொன்னது மாதிரியே ரெண்டு கேமராவோட வந்து நின்னுட்டாரு. போகும்போது, 'லைட்டு பிடிச்ச எங்க அசிஸ்டெண்டு எதிர்க்கடையில இருக்காரு, இன்னும் சாப்புடல'ன்னு சொல்லிட்டுல்ல போனாரு. வாங்க, கடைசிப் பந்தி!"